ரிட்ரெஞ்ச்மென்ட்: தப்பில்லாமல் எழுத, ஏமாறாமல் படிக்க முழுமையான வழிகாட்டி

ஒரு கம்பெனி உங்களை வீட்டுக்கு அனுப்புவதற்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. லே-ஆஃப் என்றால் பாதிச் சம்பளம். ரிட்ரெஞ்ச்மென்ட் என்றால் ஒரு மாத நோட்டீசும், வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும். ரெசிக்னேஷன் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த இரண்டுமே கிடையாது. கேட்டுக்கு வெளியே நிற்கும் மனிதருக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு அப்படித் தெரியாது.

டயர், மோட்டார் சைக்கிள், லாரி, உரம் என்று எல்லாம் செய்கிற வடசென்னைப் பட்டை இது. தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரையே மெட்ரோ நிலையத்துக்கு வைத்திருக்கிறோம். காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இந்தச் சொற்களில் ஒன்றாவது நுழையாத தெரு இருக்காது. ஆனால் மனுக்களில் அவை இடம் மாறியே வருகின்றன. "லே-ஆஃப் பண்ணிட்டாங்க" என்று எழுதி ரிட்ரெஞ்ச்மென்ட் பணம் கேட்கிறார்கள். "ரிட்ரெஞ்ச்மென்ட் ஆயிடுச்சு" என்கிறார்கள், கையில் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) காகிதம் இருக்கிறது. ஆங்கிலம் அதிகம் பழகாதவர்களுக்கும், முதல்முறையாக லேபர் ஆபீஸ் படி ஏறப்போகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

படி 1: சொல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

இதைத் தாண்டிப் போகலாம். ஆனால் படித்துவிட்டால் பின்னால் வருவது எளிதாகும்.

வெட்டிக் குறைப்பது என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. நெடுங்காலம் ஆட்களைவிடச் செலவைப் பற்றித்தான் அதிகம் பேசியது. 1922-23-ல் இந்திய அரசின் செலவைக் குறைக்க வழி சொல்ல லார்டு இஞ்ச்கேப் தலைமையில் அமைந்த குழுவின் பெயர் இந்தியன் ரிட்ரெஞ்ச்மென்ட் கமிட்டி. செலவைக் குறைக்கச் சொன்னால் நிர்வாகம் முதலில் ஆட்களின் எண்ணிக்கையைத்தான் பார்க்கும் என்பதால், சொல்லும் மெல்ல ஆட்களின் பக்கம் நகர்ந்தது.

இந்தியாவில் அதற்குச் சட்டப் பொருள் 1953-ல் கிடைத்தது. 1947-ன் தொழில் தகராறுகள் சட்டத்தில் லே-ஆஃப், ரிட்ரெஞ்ச்மென்ட் இரண்டுக்கும் விளக்கமும் இழப்பீடும் சேர்க்கப்பட்டன. அவை 1953 அக்டோபர் 24 முதல் நடைமுறைக்கு வந்தன. தண்டனையாக அல்லாமல், எந்தக் காரணத்துக்காக இருந்தாலும் ஒரு தொழிலாளியின் வேலையை முதலாளி முடித்துவைத்தால் அது ரிட்ரெஞ்ச்மென்ட் என்றது அந்த விளக்கம்.

"எந்தக் காரணத்துக்காக இருந்தாலும்" என்ற அந்தச் சின்னத் தொடருக்காக உச்ச நீதிமன்றம் முப்பது ஆண்டுக்கு மேல் மல்லுக்கட்டியது. பார்சி லைட் ரயில்வேயும் பரோடாவின் தினேஷ் மில்சும் சம்பந்தப்பட்ட ஹரிபிரசாத் சுக்லா வழக்கில், 1956 நவம்பரில், ஓடிக்கொண்டிருக்கும் தொழிலில் மிகுதியான ஆட்களை அனுப்புவதுதான் ரிட்ரெஞ்ச்மென்ட், ஆலையே மூடினால் அது ஆகாது என்று தீர்ப்பு வந்தது. ஒரு சொல்லுக்கு இப்படிப் பொருள் சொன்னதால், மூடிய ஆலையின் தொழிலாளிக்கு ஒரு பைசா இல்லை என்று ஆனது. அரசு 1957-ல் சட்டத்தைத் திருத்தி, மூடினாலும் இழப்பீடு உண்டு என்று சேர்த்தது. 1976-ல் ஸ்டேட் பாங்க் எதிர் சுந்தரமணி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அகராதியையே புரட்டினார். குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்த தற்காலிக வேலை முடிந்தாலும் அது ரிட்ரெஞ்ச்மென்ட்தான் என்றார். நிர்வாகங்கள் பதறின, 1984-ல் ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் அது ரிட்ரெஞ்ச்மென்ட் ஆகாது என்ற விலக்கு வந்தது. 1990-ல் பஞ்சாப் லேண்ட் டெவலப்மென்ட் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, விலக்குகள் போக மற்றதெல்லாம் உள்ளேதான் என்று முடித்துவைத்தது.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறையில் இருக்கிறது. பொருள் பெரும்பாலும் பழையதுதான். பிரிவு எண்கள் மாறின, சில வரம்புகள் மாறின. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த வேலைநீக்கத்துக்குப் பழைய சட்டத்தின் எண்களைப் போடுங்கள்.

படி 2: மூன்று கேள்வி கேளுங்கள்

எந்தக் குறைப்புச் சொல்லையும் எழுதுவதற்கு முன்: என்ன குறைந்தது? யார் குறைத்தார்கள்? அது திரும்ப வருமா?

குறைந்தது ஆளா, நேரமா, சம்பளமா, உரிமையா என்பது முதல் கேள்வி. குறைத்தது முதலாளியா, அரசா, நீங்களே எழுதிக் கொடுத்ததா என்பது இரண்டாவது. வேலை திரும்ப வரும் என்றால் ஒரு சொல், வராது என்றால் வேறு சொல். ரிட்ரெஞ்ச்மென்ட் என்று எழுத வேண்டுமானால் பதில் இப்படி இருக்க வேண்டும்: குறைந்தது ஆள், குறைத்தவர் முதலாளி, வேலை முடிந்தேவிட்டது. மூன்றில் ஒன்று பிசகினாலும் வேறு சொல் தேடுங்கள்.

படி 3: லே-ஆஃபைத் தனியே பிரியுங்கள்

அதிகக் குழப்பம் இங்கேதான். காரணம் அமெரிக்கா. அங்கே லே-ஆஃப் என்றால் இப்போது வேலையே போய்விட்டது என்று பொருள். செய்திகளிலும் ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. கம்பெனிகளிலும் அதே பொருளில்தான் புழங்குகிறது. அண்ணன் எண்ணூரில் ஃபிட்டர், தம்பி சிறுசேரியில் டெஸ்டர் என்று இருக்கும் வீட்டில் இருவரும் "லே-ஆஃப்" என்றால், அண்ணன் பத்து நாளில் திரும்பப் போவார். தம்பி புது வேலை தேடுவார்.

இந்தியச் சட்டத்தில் லே-ஆஃப் தற்காலிகம். நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது, இயற்கைச் சீற்றம் போன்ற காரணத்தால் முதலாளியால் வேலை கொடுக்க முடியவில்லை. ஆனால் உங்கள் பெயர் மஸ்டர் ரோலில் இருக்கிறது. வேலை உறவு அறுபடவில்லை. 50 பேருக்குக் குறையாத, பருவகாலத்துக்கு மட்டும் ஓடாத ஆலையில், ஓராண்டுத் தொடர் சேவை உள்ளவருக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி. பன்னிரண்டு மாதத்தில் 45 நாளைத் தாண்டினால் அடுத்த கட்டப் பேச்சு வரும். அந்த 45 நாளுக்குப் பிறகு ரிட்ரெஞ்ச்மென்ட் செய்யவும் முதலாளிக்கு வழி உண்டு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. லே-ஆஃப் நாட்களிலும் குறித்த நேரத்துக்கு ஆலைக்குப் போய் ஆஜர் ஆக வேண்டும். வேலைதான் இல்லையே என்று வீட்டில் இருந்துவிட்டால் அந்த நாளின் பாதிச் சம்பளம் போய்விடும். கேட்டில் கையெழுத்து வாங்காவிட்டாலும், போனதற்கு ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் லே-ஆஃபுக்கு ஆட்குறைப்பு என்று எழுதுவது தவறு. ஆட்குறைப்பு என்பது ரிட்ரெஞ்ச்மென்ட்டுக்கு உரிய சொல். பத்திரிகைகள் இரண்டுக்கும் அதையே போடுகின்றன, நீங்கள் போடாதீர்கள். லே-ஆஃபை லே-ஆஃப் என்றே எழுதலாம், லேபர் ஆபீசில் எல்லோருக்கும் புரியும்.

படி 4: ரிட்ரெஞ்ச்மென்ட் அல்லாதவற்றைக் கழித்துவிடுங்கள்

தண்டனையாக அனுப்பினால் அது டிஸ்மிசல். குற்றச்சாட்டுக் குறிப்பாணை, உள்விசாரணை, பிறகு உத்தரவு என்று அந்தப் பாதையே வேறு. விசாரணையே இல்லாமல் "நடத்தை சரியில்லை" என்று அனுப்பினால் வழக்கறிஞரிடம் போங்கள். அது இந்த வழிகாட்டியின் எல்லைக்கு அப்பால்.

ஓய்வு வயது வந்து போவது ரிட்ரெஞ்ச்மென்ட் இல்லை. குறித்த காலத்துக்கு என்று கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் முடிவதும் இல்லை. புதிய சட்டம் ஃபிக்ஸட் டெர்ம் வேலையை இந்த விலக்கில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. என் கருத்தில், இனி இந்தச் சொல்லின் உயிரைக் குறைக்கப் போவது இந்த ஒரு வரிதான். பர்மனென்ட் ஆட்கள் குறையக் குறைய, ரிட்ரெஞ்ச்மென்ட் கேட்கும் தகுதி உள்ளவரும் குறைவார்.

வி.ஆர்.எஸ். தனிக் கதை. வாலன்டரி என்ற சொல் அதன் தலையிலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை நினைவில் வையுங்கள். 2014-ல் அங்கே விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் ஏற்றுக்கொண்டார்கள், அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. தெருவில் எல்லோரும் "நோக்கியா ஆளை எடுத்துட்டான்" என்றோம். சட்டத்தின் காகிதத்தில் அவர்கள் தாமாகப் போனவர்கள். தொகை கூடுதலாகக் கிடைத்தால் வி.ஆர்.எஸ். வாங்குவதில் தவறில்லை. ஆனால் வாங்கிய பிறகு மனுவில் ரிட்ரெஞ்ச்மென்ட் என்று எழுதினால் முதல் வரியிலேயே மனு படுத்துவிடும்.

ஆலையே மூடினால் க்ளோஷர். 1996-ல் பெரம்பூர் பி அண்ட் சி மில் மூடியது இந்த வகை. ஆள் கணக்கில் தொகை ரிட்ரெஞ்ச்மென்ட் போலவே. ஆனால் தவிர்க்கவே முடியாத காரணத்தால் மூடினால் மூன்று மாதச் சராசரிச் சம்பளம் என்ற உச்சவரம்பு உண்டு. வெறும் நஷ்டத்தை அப்படிக் காரணமாகக் காட்ட முடியாது. தகராறின்போது முதலாளி தற்காலிகமாகக் கதவை மூடினால் அது லாக்-அவுட், தமிழில் கதவடைப்பு. கேட்டில் தொங்கும் பூட்டு இரண்டுக்கும் ஒரே பூட்டுதான் என்பதால் நோட்டீஸில் உள்ள சொல்லைப் படியுங்கள்.

இன்னொன்று: இந்தப் பாதுகாப்பு தொழிலாளிக்குத்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு இல்லை. மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரும் புதிய சட்டப்படி வெளியே. விசிட்டிங் கார்டில் சூப்பர்வைசர் என்று இருப்பது முக்கியமில்லை, செய்த வேலை எது என்பதுதான் பார்க்கப்படும். பட்டம் மட்டும் பெரிதாகக் கொடுத்து மெஷினிலேயே நிறுத்தியிருந்தால் அதை மனுவில் சொல்லுங்கள்.

படி 5: பக்கத்து வீட்டுச் சொற்களோடு கலக்காதீர்கள்

ரிடக்ஷன் பொதுச் சொல். எது குறைந்தாலும் எழுதலாம். ஆனால் அதற்கும் ஒரு சட்ட வாசல் உண்டு: ஒரு பிரிவிலோ ஷிஃப்டிலோ ஆட்களின் எண்ணிக்கையைக் குறைப்பது, சம்பளம், வேலைநேரம் போன்ற பணி நிபந்தனைகளை மாற்றுவது எல்லாம் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டிய மாற்றங்களின் பட்டியலில் இருக்கின்றன. பழைய சட்டத்தில் அது 9-ஏ பிரிவு. ஆக, வேலை போகவில்லை, மூன்று பேர் பார்த்த மெஷினை இரண்டு பேர் பார்க்கச் சொல்கிறார்கள் என்றால் உங்களுக்கு வேண்டிய சொல் ரிடக்ஷன், ரிட்ரெஞ்ச்மென்ட் அல்ல.

கர்ட்டெய்ல்மென்ட் என்பது நீளமாக ஓடிக்கொண்டிருந்ததில் ஒரு பகுதியை வெட்டுவது. வாலை ஒட்ட நறுக்கிய குதிரைக்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த பெயரிலிருந்து வந்தது. மீதிக் குதிரை நின்றுகொண்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள். ஓவர்டைம், லீவு, கேண்டீன் நேரம், பேச்சுரிமை, மின்சாரம் ஆகியவற்றுக்குப் பொருந்தும். ஆளுக்குப் பொருந்தாது. "நாற்பது பேரைக் கர்ட்டெய்ல் செய்தார்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதினால் படிப்பவர் விழிப்பார்.

ரெஸ்ட்ரிக்ஷன் கட்டுப்பாடு. இதற்கு மேல் போகாதே என்று கோடு போடுவது. 2008 நவம்பரில் தமிழ்நாட்டு மின்வாரியம் உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டின் பெயர் ரெஸ்ட்ரிக்ஷன் அண்ட் கண்ட்ரோல். ஆர் அண்ட் சி என்றே எல்லோரும் சொன்னார்கள். ஒரு கட்டத்தில் 40 சதவீதம் வரை மின்வெட்டு. 2015-ல்தான் முழுதாக நீங்கியது. அந்த ஏழு ஆண்டு இந்தச் சொற்களுக்கு நல்ல பாடம்: மின்சாரத்துக்கு ரெஸ்ட்ரிக்ஷன் வந்தது, அதனால் ஆலையில் இரவு ஷிஃப்டுக்குக் கர்ட்டெய்ல்மென்ட், வேலை இல்லாத நாளில் லே-ஆஃப், பின்னர் தாக்குப்பிடிக்காத ஆலையில் ரிட்ரெஞ்ச்மென்ட் அல்லது க்ளோஷர். ஒரே சங்கிலி, ஒவ்வொரு கண்ணிக்கும் வேறு பெயர்.

லிமிட்டேஷன் என்றால் அகராதியில் வரம்பு. கோர்ட் பக்கம் போனால் காலக்கெடு. "உங்க கேஸ் லிமிட்டேஷன்ல அடிபடும்" என்று வக்கீல் சொன்னால், நாள் கடந்துவிட்டது என்று பொருள். அபேட்மென்ட் என்பது மாசு, இரைச்சல், வரி போன்றவை தணிவதற்கு. எண்ணூர்க் கழிமுகத்து மாசு பற்றி மனு எழுதுபவருக்கு அது வேண்டும், நமக்கு வேண்டாம்.

படி 6: வாக்கியத்தில் சரியான இடத்தில் உட்கார வையுங்கள்

முதலில் உச்சரிப்பு. அழுத்தம் நடுவில், ட்ரெஞ்ச் மேல். முதல் அசை வேகமாகப் போய்விட வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் கவர்னர் ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலட் பேட்டையைக் காலடிப்பேட்டை ஆக்கிக்கொண்ட ஊருக்கு நான் உச்சரிப்பில் கண்டிப்பு காட்டப் போவதில்லை. ஆனால் "ரெட்ரன்ச்மென்ட்" என்று எழுதாதீர்கள், கம்ப்யூட்டரில் தேடினால் கிடைக்காது.

இது பெயர்ச்சொல். வினை வேண்டுமானால் ரிட்ரெஞ்ச். "தே டிட் மீ ரிட்ரெஞ்ச்மென்ட்" என்று தமிழை அப்படியே ஆங்கிலத்தில் ஊற்றக்கூடாது. "ஐ வாஸ் ரிட்ரெஞ்ச்ட்" என்றால் போதும். யார் செய்தது என்று சொல்ல வேண்டுமானால் "தி மேனேஜ்மென்ட் ரிட்ரெஞ்ச்ட் மீ". இதில் செய்தவர் பெயர் தெளிவாக முன்னால் நிற்பதால் மனுவுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஆஃப் வரும்: "ரிட்ரெஞ்ச்மென்ட் ஆஃப் ஃபார்ட்டி ஒர்க்கர்ஸ்". ரெஸ்ட்ரிக்ஷனுக்குப் பின் ஆன்; ரிடக்ஷனுக்குப் பின், எண்ணிக்கையைச் சொல்லும்போது, இன்; கர்ட்டெய்ல்மென்ட்டுக்கு ஆஃப். இந்த நாலும் பழகிவிட்டால் பாதித் தப்பு நின்றுவிடும்.

பொதுவாக ஒருமையிலேயே வரும். வெவ்வேறு சமயங்களில் பல சுற்றாக நடந்தது என்று காட்ட மட்டும் பன்மை. நாற்பது பேரை ஒரே நாளில் அனுப்பினால் அது ஒரு ரிட்ரெஞ்ச்மென்ட், நாற்பது ரிட்ரெஞ்ச்மென்ட்ஸ் அல்ல. கூடவே வரும் சொற்கள்: நோட்டீஸ், காம்பன்சேஷன், பெனிஃபிட். "ரிட்ரெஞ்ச்மென்ட் சேலரி" என்று ஒன்று கிடையாது.

படி 7: கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒருவர் 11 ஆண்டு 7 மாதம் வேலை பார்த்திருக்கிறார், மாதச் சம்பளம் 26,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு மேல் மீதி இருந்தால் அது முழு ஆண்டாகும். ஆகவே 12 ஆண்டு. மாதச் சம்பளக்காரருக்கு 15 நாள் என்பது பாதி மாதம், 13,000. பெருக்கினால் 1,56,000. நோட்டீஸ் கொடுக்காமல் உடனே அனுப்பினால் அதற்குப் பதில் ஒரு மாதச் சம்பளம், 26,000. மொத்தம் 1,82,000 ரூபாய்.

கிராஜுவிட்டி இதில் சேராது, அது தனி. அதற்கு 26 நாளால் வகுக்க வேண்டும் என்பதால் 15 நாள் என்பது 15,000 ஆகிவிடும்; 12 ஆண்டுக்கு 1,80,000. "கிராஜுவிட்டி கொடுத்துட்டோம், கணக்கு முடிஞ்சுது" என்று சொன்னால் முடியவில்லை என்று பொருள். இத்தோடு புதிய சட்டம் மறுதிறன் நிதி என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது: கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகையை முதலாளி செலுத்த வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும்.

இழப்பீடு அனுப்பும் சமயத்திலேயே தரப்பட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இல்லை. 1960-ல் பம்பாய் மாநிலம் எதிர் ஹாஸ்பிடல் மஸ்தூர் சபா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முன்நிபந்தனை என்றே சொன்னது. பணம் தராமல் அனுப்பிய ரிட்ரெஞ்ச்மென்ட் சட்டப்படி நிற்காது.

யாருக்குத் தகுதி? ஓராண்டுத் தொடர் சேவை. அதாவது பன்னிரண்டு மாதத்தில் 240 நாள். சம்பளத்தோடு எடுத்த விடுப்பும் லே-ஆஃப் நாளும் அதில் சேரும். கேஷுவலாக இருந்தாலும் நாள் கணக்குத்தான் பேசும். தமிழ்நாட்டில் 1981-ல் வந்த நிரந்தரத் தகுதிச் சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் பர்மனென்ட் ஆக வேண்டும். அது வேறு உரிமை, இந்த 240-உடன் குழப்ப வேண்டாம். இரண்டுக்கும் ஆதாரம் ஒன்றுதான்: சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. பதிவு, பி.எஃப். பாஸ்புக்.

ஆலையின் அளவும் பார்க்க வேண்டும். பழைய சட்டத்தில் 100 பேருக்குக் குறையாத ஆலைக்கு அரசின் முன்அனுமதி வேண்டியிருந்தது. இப்போது அது 300. அப்படிப்பட்ட ஆலையில் நோட்டீஸ் மூன்று மாதம். அனுமதி கேட்டு 60 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். நம் பக்கம் நடுத்தர ஆலைகள் அதிகம் என்பதால், 100-லிருந்து 300-க்கு ஏறிய இந்த ஒரு எண் எத்தனை கேட்டுகளைத் திறந்துவிட்டது என்று கேட் மீட்டிங்கில் பேசுபவர்களைக் கேளுங்கள்.

படி 8: மனுவை எழுதுங்கள்

தமிழிலேயே எழுதலாம். எழுதவும் வேண்டும் என்பேன். நோட்டீஸ் ஆங்கிலத்தில் வந்தது என்பதற்காகப் பதிலும் ஆங்கிலத்தில் இருக்கத் தேவையில்லை. "ஆட்குறைப்பு, அதாவது ரிட்ரெஞ்ச்மென்ட்" என்று முதல் முறை எழுதிவிட்டால் பிறகு ஆட்குறைப்பு என்றே தொடரலாம்.

முதல் பத்தியில் நீங்கள் யார், எந்தப் பிரிவு, டோக்கன் எண், சேர்ந்த நாள், கடைசி நாள். இரண்டாவதில் நடந்தது: நிர்வாகம் எந்தத் தேதியில், எந்தக் காகிதத்தில் வேலையை முடித்தது, வாய்மொழியாகச் சொன்னால் யார், எப்போது சொன்னார். மூன்றாவதில் கிடைக்காதவை: நோட்டீஸ், இழப்பீடு, அரசுக்கு அனுப்ப வேண்டிய அறிவிப்பு. நான்காவதில் வரிசை. ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும் என்பது விதி. மாற்றிச் செய்தால் காரணம் எழுதிவைக்க வேண்டும். உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் இன்னும் உள்ளே இருந்தால் அதைச் சொல்லுங்கள், சீனியாரிட்டிப் பட்டியலைக் கேளுங்கள். கடைசியில் கோரிக்கை: மீண்டும் வேலையா, பணமா, இரண்டுமா.

கோபத்தை வைத்துவிடுங்கள். "அநியாயமாக வஞ்சித்த" என்ற இரண்டு சொல்லுக்குப் பதில் ஒரு தேதி எழுதினால் மனு பலம் பெறும்.

சமரச அதிகாரியிடம் இரண்டு ஆண்டுக்குள் போய்விடுங்கள். புதிய சட்டத்தில் அதற்கு மேல் அவரால் எடுக்க முடியாது. இதுதான் முன்பு சொன்ன லிமிட்டேஷன்.

வெற்றுத்தாளிலோ, "சொந்த விருப்பத்தின் பேரில்" என்று தொடங்கும் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்று நிறுத்திவைத்தால், பெயருக்குக் கீழே "எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டேன்" என்று தமிழில் எழுதித் தேதி போடுங்கள்.

படி 9: கடல் கடந்தால் சொல்லைத் திரும்பச் சோதியுங்கள்

சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போனவர்கள் இந்தப் பட்டையில் உண்டு. அங்கேயும் சொல் ரிட்ரெஞ்ச்மென்ட்தான், தமிழ்ச் செய்தியிலும் ஆட்குறைப்புதான். ஆனால் இழப்பீடு சட்டக் கட்டாயம் இல்லை. வேலை ஒப்பந்தத்திலோ கூட்டு ஒப்பந்தத்திலோ இருந்தால்தான். ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை என்பது வழக்கம். பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனம் ஐந்து வேலைநாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். இலங்கையில் 1971-ன் 45-ஆம் எண் சட்டம் இருக்கிறது. தண்டனை அல்லாமல் ஆளை நிறுத்த, தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். பிரிட்டனில் இதே விஷயத்துக்குப் பெயர் ரிடன்டன்ஸி. அங்கே போய் ரிட்ரெஞ்ச்மென்ட் என்றால் செலவுக் குறைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள்.

படி 10: போன பிறகும் ஒரு வேலை இருக்கிறது

அனுப்பப்பட்ட ஓராண்டுக்குள் அதே ஆலை புதிதாக ஆள் எடுத்தால், அனுப்பப்பட்டவருக்கு முதலில் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது புதிய சட்டம். பழைய சட்டத்தில் இந்த ஓராண்டு வரம்பு இல்லை. இந்த உரிமை ரிட்ரெஞ்ச்மென்ட் ஆனவருக்கு மட்டும், வி.ஆர்.எஸ். வாங்கியவருக்கோ ராஜினாமா கொடுத்தவருக்கோ கிடையாது. பலர் இதைத் தவறவிடுவது முகவரியால். காலடிப்பேட்டையில் வாடகை ஏறி மணலிக்கோ மீஞ்சூருக்கோ போய்விடுகிறார்கள், கடிதம் பழைய வீட்டுக்கு வந்து திரும்பிவிடுகிறது. வீடு மாறினால் அந்த வாரமே புது முகவரியைக் கம்பெனிக்கு விரைவுத் தபாலில் எழுதுங்கள், ரசீதை ரிட்ரெஞ்ச்மென்ட் உத்தரவோடு சேர்த்துக் குத்திவையுங்கள்.